சாய்க்காமல் நுழையும் வாசல்

அத்தை,

இன்று காலை ஓர் அலமாரி நம் வீட்டு வாசல் வழியாகச் சாய்க்காமல் உள்ளே போனது.

பழைய தேக்கு அலமாரி. இரண்டு கதவுகளிலும் கண்ணாடி, உச்சியில் செதுக்கிய பட்டை. கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் பெண்ணுக்கு அவள் அம்மா கொடுத்ததாம். லோரியில் வந்த ஆட்கள் இருவரும் வாசலுக்கு வந்ததும், வழக்கம்போல் அதைச் சாய்ப்பதற்காகக் குனிந்தார்கள். பிறகு ஒருவன் நிமிர்ந்து உள்ளே பார்த்தான்.

"டேய், சாய்க்க வேணாம்டா. நேரா போவுது."

"பொறு. உள்ள ஒரு மூல இருக்கும். எல்லா வீட்லயும் இருக்கும் லா."

உள்ளே மூலை இல்லை. இரண்டு பேரும் நிமிர்ந்த நடையாகப் போய்க் கூடத்தின் நடுவில் அதை இறக்கி வைத்தார்கள். நம்பாதவன் வாசலையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "யக்கா, யாரு இந்த வீட்டுக்கு பிளான் போட்டது? சாமான் தூக்குறவன் போட்ட மாதிரி இருக்கு."

"என் மாமியாரும் நானும்" என்றேன். மரத்தூளும் பழைய மெழுகுமாக ஒரு வாசனை அலமாரியிலிருந்து வந்தது. உங்கள் பெட்டியிலிருந்தும் அதே வாசனைதான் வந்தது. இத்தனை நாள் எழுதாமல் இருந்த இந்த மடலை இன்று எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

மாமா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் பினாங்கு டத்தோ கிராமாட்டில் வாங்கிய வீடு அது. ஒரு குடும்பத்துக்குப் பெரிய வீடு. ஒருவருக்கு மிகப் பெரியது. மாமா போன பிறகு நீங்கள் கீழே ஓர் அறையிலும் சமையலறையிலுமாக வாழ்ந்தீர்கள். மாடி அறைகள் பூட்டிக் கிடந்தன. வெள்ளிக்கிழமைதோறும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய் சன்னல்களைத் திறந்துவிட்டு, மாலையில் மறுபடி ஏறிப் போய்ச் சாத்துவீர்கள். "வீட்டுக்கும் மூச்சு விடணும்ல" என்பீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து உங்கள் மூத்த மகன் சேவியர் ஒரு யோசனை சொன்னார். வீட்டை விற்றுவிடலாம், காப்பிக்கடை வைக்க நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். அம்மா ஒரு மாதம் அவர் வீட்டில், ஒரு மாதம் எங்கள் வீட்டில். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உங்களுக்கென்று ஓர் அறையை ஒழித்தேன். திரைச்சீலை மாற்றினேன். நீங்கள் வந்தீர்கள், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தீர்கள், சன்னல் வழியாகக் கடலைப் பார்த்தீர்கள். லிஃப்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் சுவர்களை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கீழே வந்ததும், "நல்லாத்தான் இருக்கு பிள்ள. ஆனா நான் வரல" என்றீர்கள்.

நான் மனம்விட்டுப் பேசுகிறவள் இல்லை. நீங்களும் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, அந்தத் திரைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "வீட்ட ரெண்டாக்குங்க."

என் கணவர் வின்சென்ட் கையில் சோற்றோடு நிமிர்ந்தார். "ரெண்டாக்குறதுன்னா?"

"மேல ஒரு வீடு, கீழ ஒரு வீடு. மேல வாடகைக்கு. கீழ நான்."

தொலைபேசியில் சேவியரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசைமேல் வைத்தோம். "அம்மா, சனங்க என்ன பேசுவாங்க? வயசான காலத்துல அம்மாவ வீட்டு வாடகையில பொழைக்க விட்டுட்டானுங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

"பேசுற சனங்கள்ல வீடு தேடுறவங்க இருந்தா சொல்லு. மேல மூணு ரூம் இருக்கு."

"வெளையாடாதீங்க மா."

"நீதான் வெளையாடுற. ஒரு மாசம் கேஎல், ஒரு மாசம் பயான் பாரு. நான் என்ன பார்சலா? நான் இந்த வீட்லதான் இருப்பேன். இந்த வாசல் வழியாத்தான் போவேன்."

சேவியர், "சரி. செஞ்சு பாருங்க. ஒரு வருஷம் பாப்போம். ஒழுங்கா வரலன்னா விக்கிறதுதான்" என்றார். வேலையை யார் முன்னின்று பார்ப்பது என்று கேள்வி வந்தபோது நீங்கள் என் பக்கம் விரலை நீட்டினீர்கள். "அவ பாத்துப்பா. அவ யாரையும் நம்ப மாட்டா. அதுக்கு அவதான் சரி."

பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருக்கிறேன். பிறர் சரி என்று அனுப்புவதில் குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்காக வீட்டில் யாரும் என்னைப் பாராட்டியதில்லை. அன்று நீங்கள் பாராட்டினீர்கள் என்பது வீட்டுக்குத் திரும்பிப் போகும் வழியில்தான் எனக்குப் புரிந்தது.

சூலியா தெருவில் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் மூலமாகக் காசிம் நானா வந்தார். பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டுவதில் கைதேர்ந்தவர். அவருடைய ஆள் வரைந்துவந்த வரைபடம் எளிமையாக இருந்தது. கூடத்து மாடிப்படியை ஒட்டி ஒரு சுவர் எழுப்பினால் படி மேல்வீட்டுக்குப் போய்விடும். கீழ்வீட்டுக்காரர் வாசலில் நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பி, ஒரு சிறு நடைவழியில் நடந்து, மறுபடி வலப்பக்கம் திரும்பிக் கூடத்துக்குள் வரவேண்டும். மாடிப்படியைக் காசிம் நானா மலாயில் தங்கா என்றுதான் சொல்வார். "தங்காவத் தொட வேணாம் மா. ஒரு செவுரு, ரெண்டு கதவு, தண்ணிக்கும் கரண்டுக்கும் தனித்தனி மீட்டர். முடிஞ்சுது கத."

காகிதத்தில் எல்லாமே சரியாக இருக்கும். அதனால் நான் அளவு நாடாவும் சுண்ணக்கட்டியும் எடுத்துக்கொண்டு, வர இருந்த சுவர்களைக் கூடத்துத் தரையில் அதே அளவில் கோடாகப் போட்டேன். கதவு வரும் இடத்தில் இடைவெளி விட்டேன். ஒரு வாரம் இப்படியே இருக்கட்டும், நடந்து பாருங்கள் என்றேன். நீங்கள் அதை என்னைவிடக் கண்டிப்பாக எடுத்துக்கொண்டீர்கள். தேத்தண்ணீர் கோப்பையோடு வாசலுக்குப் போகும்போதுகூடக் கோட்டைத் தாண்டாமல், இல்லாத நடைவழியில் நடந்து, இல்லாத கதவில் திரும்பிப் போனீர்கள். வின்சென்ட் கோட்டின் குறுக்கே நடந்தபோது, "டேய், செவுத்துல முட்டிக்கிட்ட" என்றீர்கள்.

வாரக் கடைசியில் கேட்டேன்: "எப்படி இருக்கு அத்தை?"

"சரி வராது."

"ஏன்?"

"காத்து வராது."

"மேல காத்துக்கு வழி வைக்கச் சொல்றேன்."

"வராது பிள்ள."

"எங்க வராது? சொன்னாத்தானே மாத்தலாம்?"

முறைத்தீர்கள். காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரிந்தது. என் வேலையில் மழுப்பலான பதில்களை நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் எது காரணம் என்று தெரியவில்லை. நீங்களும் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை காசிம் நானா ஆட்களோடு வந்து நின்றார். சுவரை எழுப்பலாமா வேண்டாமா என்று அன்று சொல்லியாக வேண்டும். நீங்கள் கூடத்து ஓரத்தில் கிடந்த நீளப் பெஞ்சைக் காட்டினீர்கள். மாதா கோவிலில் பழைய பெஞ்சுகளை மாற்றியபோது மாமா வாங்கிவந்தது. "இத ஆறு பேரு தூக்குங்க. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. கூடத்துலேர்ந்து வாசலுக்குக் கொண்டு போங்க. கோட்டத் தாண்டக் கூடாது."

காசிம் நானாவின் ஆட்கள் மூவர். அவர் நான்காவது. வின்சென்டும் நானும் சேர்ந்தோம். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் முகம் அப்படி இருந்தது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். முதல் திருப்பத்தில் முன்னால் போனவர்கள் நின்றார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். பெஞ்சின் முனை ஒரு பக்கம் போக, நாங்கள் இன்னொரு பக்கம் நசுங்கினோம்.

"நில்லுங்க" என்றீர்கள். என் கால்களைப் பார்த்தீர்கள். "நீ செவுத்துக்குள்ள நிக்கிற."

குனிந்து பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம், சுவர் வரப்போகும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இதுல எப்படித் திரும்புவீங்க? நான் செத்தா என்ன நிக்க வச்சா கொண்டு போவீங்க?"

காசிம் நானா பெஞ்சை மெதுவாக இறக்கினார். எல்லோரும் இறக்கினோம். நீங்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் எவரையும் பார்க்காமல் சொன்னீர்கள்: "எந் தங்கச்சி பிளாட்லதான செத்தா. லிஃப்டுல பெட்டியப் படுக்க வைக்க எடம் இல்ல. கட்டி, நிக்க வச்சு எறக்கினாங்க. நான்தான் கூட வந்தேன். கீழ வர்ற வரைக்கும் அவ எனக்கு எதுத்தாப்ல நின்னுகிட்டே வந்தா."

வின்சென்டுக்கே அது தெரியாது. அவருடைய சித்தியின் சாவுக்கு நாங்கள் கல்லறைக்கு நேராகப் போயிருந்தோம்.

எங்கள் வீட்டு லிஃப்டில் உங்கள் கண்கள் ஏறி இறங்கியது எனக்கு அப்போது நினைவு வந்தது. "எங்க லிஃப்டும் சின்னதுதான் அத்தை" என்றேன்.

"தெரியும். பாத்தேன்" என்றீர்கள். பிறகு, "உன் ரூம் நல்லா இருந்துச்சு பிள்ள. கர்ட்டன்கூட நல்ல கலரு" என்றீர்கள்.

அன்று மாலையே நான் வேறொரு வரைபடம் போட்டேன். கூடத்தில் சுவரே வேண்டாம். மேல்வீட்டுக்கான படி வெளியே, கார் நிறுத்தும் பக்கத்துச் சுவரை ஒட்டி ஏறட்டும், அதன்மேல் மழைக்கு ஒரு கூரை. மேலே பின்தாழ்வாரத்துச் சன்னலை உடைத்துக் கதவாக்கலாம். உள்ளே இருக்கும் மரப்படியை எடுத்துவிட்டு, மாடியில் விழும் துவாரத்தைத் தளம் போட்டு மூடவேண்டும். காசிம் நானா தாடியைத் தடவினார். "சூசா லா மா. ரொம்பக் கஷ்டம். தங்காவப் புடுங்கணும், ஓட்டைய மூடணும், வெளிய புதுசா கட்டணும், பெர்மிட்டும் மாத்தி எழுதணும்." பிறகு பெஞ்சைப் பார்த்தார். "ஆனா செஞ்சிரலாம். எங்களுக்கும் அந்த நாள் இருக்குல்ல."

மரப்படியை எடுப்பதில் வின்சென்டுக்குத்தான் மனமில்லை. "அப்பாவோட படி மா அது."

"உங்கப்பா அதுல ஏறுனதவிட, கீழ நின்னு 'மாடி லைட்ட யாரு அணைக்கல'ன்னு கத்துனதுதான் அதிகம்" என்றீர்கள். அந்தப் பலகைகள் இன்று மேல்வீட்டுச் சமையலறையில் தட்டுகளாக இருக்கின்றன. எதுவும் வீணாகவில்லை.

இன்னொரு நிபந்தனையும் வைத்தீர்கள். கூடத்தில் மாட்டியிருக்கும் இருதய ஆண்டவர் படத்துக்கு மேலே கழிவறை வரக்கூடாது. எங்கள் வரைபடத்தில் மேல்வீட்டுக் குளியலறை ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. அதை நகர்த்திக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே கொண்டுபோனோம். எல்லாக் குழாயும் ஒரே நேர்கோட்டில் இறங்கியது. "நாங்க கிப்லா, தொழுவுற திசை பாப்போம், நீங்க படத்தப் பாக்குறீங்க" என்று காசிம் நானா சிரித்தார். "பைப்புக்கு ரெண்டும் நல்லதுதான்."

தளம் மூடிய பிறகு சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. வின்சென்டைச் சப்பாத்து போட்டு மேலே நடக்கவிட்டு, நீங்களும் நானும் கீழே பெஞ்சில் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். "இப்ப நடக்குறானா?" "நடக்கணும் அத்தை." "ஒண்ணும் கேக்கல. தூங்கிட்டானோ?" அவர் வாளியைக் கீழே போட்டபோதுதான் கேட்டது. உங்களோடு சேர்ந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மேல்வீட்டுக்கு முதலில் கேட்டு வந்தவள் சாந்தி. மருத்துவமனையில் தாதி. கெப்பாலா பத்தாஸிலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து வந்து களைத்துப் போயிருந்தாள். நான் சம்பளம், வேலை, முந்தைய வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் இடையில் புகுந்தீர்கள்.

"கருவாடு சமைப்பியா?"

அவள் கூட வந்திருந்த கணவனைப் பார்த்தாள். "வேணாம்னா சமைக்க மாட்டோம் ஆண்ட்டி."

"சமைக்க மாட்டேன்னா வேற ஆளப் பாக்குறேன். எனக்கு நாக்கு செத்துப் போச்சு."

அவள் அந்த வாரமே குடிவந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூடிய ஒரு கிண்ணம் வெளிப்படியில் இறங்கி உங்கள் சமையலறைக்கு வரும். உங்கள் ரசம் அதே கிண்ணத்தில் மேலே போகும். வாடகையை அவள் ஒருநாளும் தாமதிக்கவில்லை. நான் எதிர்பார்த்து வைத்திருந்த சிக்கல்களில் பெரும்பாலானவை வரவேயில்லை. வந்தவை குழாய்க் கசிவுகள்; அவற்றை என்னால் சரி செய்ய முடிந்தது.

ஒரு வருடம் முடிந்து சேவியர் வந்தார். வெளிப்படியில் ஏறிப் பார்த்தார், இறங்கி வந்தார், பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் வைத்ததையெல்லாம் சாப்பிட்டார். விற்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் விடவில்லை. "என்னடா, வீட்ட விக்கணும்னியே?"

"எந்த வீட்ட மா? இங்க ரெண்டு வீடு இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதன்பின் நீங்கள் அந்த வீட்டில் நீங்கள் விரும்பியபடியே வாழ்ந்தீர்கள். யார் வீட்டுக்கும் மாதக் கணக்கில் போகவில்லை. மழைக்காலத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. சாந்திதான் எங்களைக் கூப்பிட்டாள். அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது.

பெட்டியைக் கூடத்தின் நடுவில், படத்துக்கு நேர் கீழே வைத்தோம். சுற்றிலும் நாற்காலி போட்டு வந்த அத்தனை பேரும் உட்கார முடிந்தது. செபமாலை சொன்னார்கள். நான் உதட்டை அசைத்தேன். என் நம்பிக்கையின் அளவு உங்களுக்குத் தெரியும். மறுநாள் ஆறு பேர் தூக்கினார்கள். முன்னால் சேவியரும் வின்சென்டும். வாசலை நெருங்கியதும் சேவியர், எல்லா வீடுகளிலும் செய்து பழகியதுபோல், இடிக்காமல் இருப்பதற்காகத் தோளை ஒடுக்கினார். ஒடுக்கத் தேவையிருக்கவில்லை. நேராக நடந்தார்கள், யாரும் யாருக்கும் 'மெல்ல, மெல்ல' என்று சொல்லவில்லை. நான் அன்று வேண்டுமென்றே ஓர் இடத்தில் நின்றேன், அத்தை. அந்தச் சுவர் எழுந்திருக்க வேண்டிய இடத்தில். நீங்கள் என்னைக் கடந்து படுத்தபடியே வெளியே போனீர்கள். வெளிவாசலில் காசிம் நானா தொப்பியோடு நின்றிருந்தார். அவர் பார்வையும் அந்தத் திருப்பத்தில்தான் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது சேவியர் சொன்னார்: "ஒரு எடத்துலயும் இடிக்கல."

"அளந்துதான் வச்சோம்" என்றேன்.

பெஞ்சை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லிஃப்டில் படுக்கவில்லை. நிற்க வைத்துத்தான் ஏற்றினோம். பதினோராவது மாடி வரும்வரை அதற்கு எதிரில் நின்றுகொண்டு வந்தேன். ஓய்வு பெற்றதும் டத்தோ கிராமாட் கீழ்வீட்டுக்கே போய்விடலாம் என்று வின்சென்ட் சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் லிஃப்டை அளந்துவிட்டேன்.

வீட்டு முகவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கூடம் வீண், குறுக்கே ஒரு சுவர் வைத்தால் இன்னோர் அறை கிடைக்கும், வாடகையும் கூடும் என்றார். அவர் சொன்னது தவறில்லை. முடியாது என்று மட்டும் சொன்னேன். அவர் காரணம் கேட்டார். சொல்லவில்லை.

இன்று அலமாரியை இறக்கிவிட்டு ஆட்கள் போன பிறகு, அந்தப் புதுப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சரியாக அதே இடத்தைக் காட்டினாள். "இங்க அலமாரியக் குறுக்க வச்சா மறைப்பா ஒரு ரூம் மாதிரி இருக்கும்ல அக்கா?"

"அங்க வேணாம் மா" என்றேன். "காத்து வராது."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அதே சொல், அதே அடித்துச் சொல்லும் தொனி. குடிவருகிற அன்றே ஒரு பெண்ணிடம் பெட்டியைப் பற்றியும் ஆறு பேரைப் பற்றியும் பேச முடியுமா? உங்களுக்கும் அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, போய்ச் சமையலறைப் பின்கதவைத் திறந்தாள். முன்வாசல் திறந்தே இருந்தது. "ஆமாக்கா" என்றாள் அங்கிருந்தே. "நல்லா வருது."

அவள் மீதிச் சாமான்களை எடுக்க வெளியே போனதும் நான் அந்த இடத்தில் போய் நின்றேன். தெருவிலிருந்து வந்த காற்று வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, என் முந்தானையைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போயிற்று. இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். குறைந்தது. இந்தப் பக்கம் தள்ளி நின்று பார்த்தேன். அங்கும் குறைவுதான். மறுபடி பழைய இடத்துக்கே வந்தேன்.

இத்தனை வருடமும் அது நீங்கள் சொன்ன சாக்கு என்றே நினைத்திருந்தேன், அத்தை. இன்று சோதித்துப் பார்த்துவிட்டேன். காற்று வருகிறது.